ஆளுக்கு இரண்டு ஓட்டு: ஓல்டாம் தொகுதி பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் கும்பகோணம் மக்களவைத் தொகுதி 1977 தேர்தலோடு இல்லாமல் போனதைப் பற்றி எழுதினோம். போகிறபோக்கில், இங்கிலாந்தின் பஞ்சாலை நகரமான ஓல்டாமும் இப்படி மறைந்த தொகுதிதான் என்று ஒரு வரி சேர்த்திருந்தோம். கட்டுரையை விட்டுவிட்டு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு டெல்டா முழுக்க இருந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

ஓல்டாம் என்ற ஊர் இன்னும் இருக்கிறது. தொகுதி மட்டும் எப்படி மறையும்? எப்போது வந்தது, எப்போது போனது?
— திருவாரூர் வாசகர்

மான்செஸ்டருக்கு வடகிழக்கே, லங்காஷயர் பகுதியில் இருக்கும் ஊர் ஓல்டாம். 1832 சீர்திருத்தச் சட்டம் வரும் வரை அதற்குத் தனியாக எம்.பி. கிடையாது. மான்செஸ்டருக்கே கிடையாது. அதே காலத்தில் ஆளே குடியில்லாத ஓல்ட் சாரம் என்ற மேட்டுக்கு இரண்டு எம்.பி.க்கள் இருந்தார்கள். அந்த அநியாயத்தைச் சரிசெய்ய வந்த சட்டத்தில்தான் ஓல்டாம் தொகுதி பிறந்தது. ஒரே தொகுதி, இரண்டு எம்.பி.க்கள். 1950 பொதுத்தேர்தலில் அது ஓல்டாம் கிழக்கு, ஓல்டாம் மேற்கு என்று இரண்டாக உடைந்தது. 1945-இல் சேர்ந்து ஜெயித்திருந்த தொழிற்கட்சிக்காரர்கள் இருவரில் ஃபிராங்க் ஃபேர்ஹர்ஸ்ட் கிழக்குக்கும் லெஸ்லி ஹேல் மேற்குக்கும் போனார்கள். 118 வருடத் தொகுதி அதோடு முடிந்தது.

பெயரை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. 1832-இல் ஓல்டாம் தொகுதி என்றால் ஓல்டாம், சாடர்டன், கிராம்ப்டன், ராய்டன் ஆகிய நான்கும் சேர்ந்தது. 1918-இல் எல்லை நகராட்சி அளவுக்குச் சுருங்கியது, ராய்டன் என்று பக்கத்திலேயே தனித் தொகுதி முளைத்தது. வயலின் பெயர் மாறாமல் வரப்பு மட்டும் நகர்ந்தால் மகசூல் கணக்கை ஒப்பிட முடியாதல்லவா, அதேதான் இங்கும். 1910 ஓல்டாம் முடிவையும் 1922 ஓல்டாம் முடிவையும் நேராகப் பக்கத்தில் வைத்தால் கணக்கு தப்பும்.

பிறகும் வெட்டு ஓயவில்லை. 1983-இல் கிழக்கு போய் ஓல்டாம் மத்தி–ராய்டன் வந்தது. 1997-இல் ஓல்டாம் கிழக்கு–சாடில்வொர்த், ஓல்டாம் மேற்கு–ராய்டன் என்று ஆனது. 2024-இல் மேற்குத் தொகுதியின் பெயரில் சாடர்டனும் ஏறிக்கொண்டது. நம் பக்கத்தில் 2008 மறுசீரமைப்பு வலங்கைமான், குத்தாலம், திருவோணம் சட்டமன்றத் தொகுதிகளை எடுத்துவிட்டு கீழ்வேளூரைக் கொண்டுவந்ததே, அந்த மாதிரி வேலைதான். ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே எல்லை ஆணையம் இன்று ஒவ்வொரு தொகுதிக்கும் வாக்காளர் எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும் என்று பார்க்கிறது. சில தீவுத் தொகுதிகள் தவிர, 2024 எல்லைகளுக்கு 69,724-க்குக் குறையவும் கூடாது, 77,062-ஐத் தாண்டவும் கூடாது. நம் மக்களவைத் தொகுதி ஒன்றில் பதினைந்து லட்சம் பேர் சாதாரணம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தொகுதிக்கு இரண்டு எம்.பி. என்றால் ஓட்டை எப்படிப் போடுவார்கள், எப்படி எண்ணுவார்கள்? வாக்குப்பதிவு சதவீதம் எப்படிக் கண்டுபிடிப்பது?
— கும்பகோணம் கல்லூரி மாணவி, அரசியல் அறிவியல்

வந்த கேள்விகளில் இதுதான் முக்கியமானது. இது பிடிபடாமல் அந்தத் தொகுதியின் எந்த முடிவையும் வாசிக்க முடியாது.

ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு ஓட்டு. இரண்டையும் ஒரே வேட்பாளருக்குப் போட முடியாது. ஆனால் இரண்டையும் போட்டே ஆகவேண்டும் என்றும் இல்லை. ஆக மூன்று வழி இருந்தது. தன் கட்சியின் இரண்டு பேருக்கும் போடலாம். இந்தக் கட்சிக்கு ஒன்று, அந்தக் கட்சிக்கு ஒன்று என்று பிரித்துப் போடலாம். ஒரே ஒருவருக்குப் போட்டுவிட்டு மற்ற ஓட்டை வீணாக விடலாம். கடைசி வழி சோம்பேறித்தனம் அல்ல, கணக்கான தந்திரம். தன் ஆளைத் தோற்கடிக்கக்கூடிய இன்னொருவருக்கு ஓட்டு சேர்ந்துவிடாமல் தடுக்கும் வழி அது. அதிக ஓட்டு வாங்கிய முதல் இரண்டு பேர் எம்.பி.

1900 தேர்தலை எடுத்துக்கொள்வோம். எம்மட் (லிபரல்) 12,947. சர்ச்சில் (கன்சர்வேட்டிவ்) 12,931. ரன்சிமன் (லிபரல்) 12,709. கிரிஸ்ப் (கன்சர்வேட்டிவ்) 12,522. நான்கையும் கூட்டினால் 51,109. இத்தனை பேர் ஓட்டுப் போட்டார்கள் என்று எழுதினால் தப்பு, இது ஓட்டுகளின் எண்ணிக்கை. இரண்டால் வகுத்தால் 25,554½ வருகிறது. ஆகவே குறைந்தது 25,555 பேர் வந்திருக்கிறார்கள். கூட்டுத்தொகை ஒற்றைப்படை என்பதே, ஒருவராவது ஒரே ஓட்டோடு நிறுத்திக்கொண்டார் என்பதற்குச் சாட்சி. அப்படி நிறுத்தியவர்கள் அதிகமானால் உண்மையான வருகை இன்னும் கூடும். வெறும் முடிவுத் தாளை வைத்துக்கொண்டு வாக்குப்பதிவு சதவீதத்தைத் துல்லியமாகச் சொல்ல முடியாது. ‘குறைந்தபட்சம்’ என்ற சொல்லை விடாமல் எழுதுங்கள்.

வித்தியாசம் எதிலிருந்து எது? முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும் நடுவே இருக்கும் 16 ஓட்டு அல்ல, அவர்கள் இருவருமே ஜெயித்தவர்கள். இரண்டாமவருக்கும் மூன்றாமவருக்கும் நடுவே இருப்பதுதான் வெற்றி வித்தியாசம். 12,931-இலிருந்து 12,709 போனால் 222. சர்ச்சில் நாடாளுமன்றத்துக்குள் போனது இந்த 222-இல்தான்.

கட்சி பலத்தை ஒப்பிட, ஒரு கட்சியின் இரண்டு பேரின் ஓட்டையும் கூட்டி மொத்த ஓட்டால் வகுக்க வேண்டும். அதற்கு முந்தைய வருடம், 1899 இடைத்தேர்தலில் எம்மட் 12,976, ரன்சிமன் 12,770, சர்ச்சில் 11,477, மாட்ஸ்லி 11,449. லிபரல் பங்கு 52.9%. 1900-இல் அது 50.2%. அதாவது 2.7 புள்ளி நகர்ந்தது. ஆனாலும் மொத்தத்தில் லிபரல்கள்தான் முன்னால் நின்றார்கள். பின்தங்கிய கட்சிக்கு ஒரு இடம் எப்படிக் கிடைத்தது? சர்ச்சில் தன் கட்சிக்காரர் கிரிஸ்பைவிட 409 ஓட்டு கூடுதலாகவும், எம்மட் தன் கூட்டாளி ரன்சிமனைவிட 238 கூடுதலாகவும் வாங்கினார்கள். பிரித்துப் போட்டவர்களும் ஒற்றை ஓட்டுக்காரர்களும் செய்த வேலை இது. இந்த இரண்டு வகையினரில் யார் எத்தனை பேர் என்பதை இந்த எண்களிலிருந்து பிரித்தெடுக்க வழியில்லை. சிலர் எடுத்துக் காட்டுவார்கள், நம்பாதீர்கள்.

1868 முடிவு இன்னும் நெருக்கம்: 6,140, 6,122, 6,116, 6,084. நான்கு பேருக்குள் மொத்த இடைவெளியே 56 ஓட்டு. மூன்றாமவர் 6 ஓட்டில் வெளியே போனார்.

இன்னொரு சிக்கல் இடைத்தேர்தல். ஒரு இடம் மட்டும் காலியானால் ஆளுக்கு ஒரே ஓட்டு. 1911-இல் எம்மட் பிரபுவாக்கப்பட்டு மேல்சபைக்குப் போனபோது நடந்தது அப்படித்தான். லிபரலும் தொழிற்கட்சியும் தனித்தனியே நிற்க, கன்சர்வேட்டிவ் வேட்பாளர் பார்ட்லி-டெனிஸ் ஜெயித்தார். இரண்டு ஓட்டு இருந்திருந்தால் அந்த இரண்டு கட்சிக்கும் ஆளுக்கொன்று போட்டிருக்கக்கூடியவர்கள், ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று. தொழிற்கட்சி வளர்ந்ததில் இந்த இரட்டைத் தொகுதிகளுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது எங்கள் கருத்து. அதன் முன்னோடி அமைப்பின் சார்பில் 1900-இல் ஜெயித்தவர்கள் இரண்டே பேர்: டெர்பியில் ரிச்சர்ட் பெல், மெர்தர் டிட்ஃபிலில் கீர் ஹார்டி. இரண்டுமே தொழில் நகரம், இரண்டுமே இரட்டைத் தொகுதி, இரண்டிலும் கூட ஜெயித்தவர் ஒரு லிபரல். முழு ஓட்டையும் தர மனமில்லாத லிபரல்காரர் இரண்டில் ஒன்றைத் தரத் தயங்கவில்லை.

நம்மூரிலும் 1952-இல் இரட்டைத் தொகுதி இருந்ததாகப் பெரியவர்கள் சொல்கிறார்கள். அது வெள்ளைக்காரனிடமிருந்து காப்பியடித்ததா?
— மன்னார்குடி வாசகர்

இருந்தது. 1952-இல் மாயூரம், 1957-இல் நாகப்பட்டினம் இரண்டும் இரண்டு உறுப்பினர் மக்களவைத் தொகுதிகள். ஆளுக்கு இரண்டு ஓட்டு என்பது மட்டும்தான் ஓல்டாமோடு ஒத்துப்போகிறது, நோக்கம் முற்றிலும் வேறு. ஓல்டாமில் இரண்டு இடமும் பொது. இங்கே இரண்டில் ஒன்று பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. முதலில் பட்டியல் சாதி வேட்பாளர்களில் அதிக ஓட்டு வாங்கியவருக்கு ஒதுக்கீட்டு இடம். அதன்பின் மீதமுள்ள எல்லோரிலும் யார் அதிகமோ அவருக்குப் பொது இடம்.

இந்த ‘எல்லோரிலும்’ என்பதில்தான் பலர் சறுக்கினார்கள். 1957-இல் ஆந்திராவின் பார்வதிபுரம் பழங்குடி ஒதுக்கீட்டு இரட்டைத் தொகுதியில் இரண்டு இடத்தையுமே பழங்குடி வேட்பாளர்கள் பிடிக்க, பின்னாளில் குடியரசுத் தலைவரான வி.வி. கிரி தோற்றார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, கிரிக்குச் சாதகமாக வரவில்லை. 1961-இல் சட்டம் போட்டு இரட்டைத் தொகுதிகளை ஒழித்தார்கள். 1962 முதல் எல்லாம் ஒற்றை.

ஓட்டுப் போட்ட முறையையும் சொல்லிவிடுகிறோம். அன்று சீட்டில் முத்திரை குத்தும் வழக்கம் இல்லை. வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டி மேல் சின்னம். இரட்டைத் தொகுதியில் கையில் இரண்டு சீட்டு கொடுப்பார்கள், வேறு வேறு பெட்டியில் போட வேண்டும். இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டால் ஒன்று செல்லாது.

1872 வரை ரகசிய வாக்கெடுப்பே கிடையாதாமே? முதலாளி சொன்னபடி தொழிலாளி ஓட்டுப் போட்டிருப்பான், அவ்வளவுதானே?
— நாகப்பட்டினம், ஓய்வுபெற்ற ஆசிரியர்

ஓல்டாமில் தலைகீழாக நடந்தது. 1832-இல் தொழிலாளிக்கு ஓட்டே இல்லை என்பதை முதலில் பாருங்கள். வருடத்துக்கு 10 பவுண்டு மதிப்புள்ள வீடோ கடையோ வைத்திருக்கும் ஆணுக்குத்தான் ஓட்டு. ஓல்டாமில் அப்படி ஆயிரத்துச் சொச்சம் பேர்தான் தேறினார்கள். அவர்களில் மளிகைக்கடைக்காரர், கசாப்புக்காரர், சாராயக்கடைக்காரர் கணிசம். அவர்களுக்குப் பிழைப்பு யாரிடம்? ஓட்டில்லாத நூற்பாலைக்காரர்களிடம்.

மேடையில் எல்லோர் முன்னாலும் வாயால் சொல்லித்தான் ஓட்டுப் போட வேண்டும். யார் யாருக்குப் போட்டார் என்று அச்சிட்ட புத்தகமே பிறகு விற்பனைக்கு வரும். ஓல்டாம் தொழிலாளர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு, தங்கள் ஆளுக்குப் போடாத கடையில் சாமான் வாங்குவதை நிறுத்தினார்கள். கடைக்காரர் ஓட்டு வழிக்கு வந்தது. ஒளிவுமறைவற்ற ஓட்டு பண்ணைக்காரருக்கு மட்டுமே உதவும் என்பது பாதி உண்மைதான்.

அப்படி 1832-இல் ஜெயித்தவர்கள் இருவர். ஒருவர் பத்திரிகைக்காரர் வில்லியம் காபெட், எழுதியதற்காக ஜெயிலுக்குப் போனவர். மற்றவர் ஜான் ஃபீல்டன், டாட்மார்டனில் பெரிய பஞ்சாலை முதலாளி. காபெட்டும் நின்றால்தான் தானும் நிற்பேன் என்று நிபந்தனை போட்டு நின்றவர் அவர். முதலாளியாக இருந்துகொண்டே வேலை நேரத்தைக் குறைக்கப் போராடினார். 1847-இல் பெண்களுக்கும் 18 வயதுக்குட்பட்ட இளையோருக்கும் தினம் பத்து மணி நேரம் என்ற சட்டத்தை நிறைவேற்றவைத்தார். அடுத்த சில வாரங்களில் வந்த தேர்தலில் அதே ஓல்டாம் அவரைத் தோற்கடித்தது. நன்றிகெட்ட ஊர் என்று எழுதுகிறவர்கள் உண்டு. விஷயம் அது இல்லை. தன்னோடு காபெட்டின் மகனையும் ஜோடியாக நிறுத்த வேண்டும் என்று ஃபீல்டன் பிடிவாதம் பிடித்தார். ‘இரண்டாவது ஆளை நாங்கள் தேர்ந்தெடுப்போம்’ என்று உள்ளூர்க்காரர்கள் முறைத்துக்கொண்டார்கள்.

அந்த மகன் ஜான் மார்கன் காபெட் பிற்பாடு ஜெயித்தார். பழைய பட்டியல்களில் ‘காபெட், ஓல்டாம்’ என்று பார்த்தால் வருடத்தைக் கவனியுங்கள். அப்பா 1832 முதல் 1835-இல் சாகும்வரை. மகன் 1852 முதல் 1865 வரையும், 1872 முதல் 1877 வரையும். அப்பா ஆட்சியாளர்களை அலறவைத்த தீவிரர், மகன் கடைசியில் கன்சர்வேட்டிவ். 1872 ஜூனில் மகன் ஜெயித்த இடைத்தேர்தல் வாய்வழி ஓட்டின் கடைசிக் காலத்தது. அடுத்த மாதம் ரகசிய வாக்குச்சட்டம் வந்துவிட்டது. அந்த இடம் காலியானது ஜான் பிளாட் இறந்ததால். உலகம் முழுக்க நூற்பாலை இயந்திரம் விற்ற பிளாட் பிரதர்ஸ் கம்பெனியின் முதலாளி அவர். இந்தியாவின் பல பழைய மில்களில் அந்தப் பெயர் பொறித்த இரும்பைப் பார்க்கலாம்.

சர்ச்சில் ஓல்டாமில் கட்சி மாறினார் என்கிறார்கள். ஏன்? பதவி போகவில்லையா?
— தஞ்சாவூர் வாசகர்

ஓல்டாம் என்றாலே சர்ச்சில் என்று ஆகிவிட்டது. 118 வருடத்தில் அவர் அங்கே எம்.பி.யாக இருந்தது ஐந்தேகால் வருடம். அளவோடு பார்ப்போம்.

1899-இல் அவருக்கு வயது 24. எம்.பி. ஆஸ்க்ராஃப்ட் இறந்தார், இன்னொரு எம்.பி. ஆஸ்வால்ட் விலகினார், இரண்டு இடமும் ஒன்றாகக் காலி. கன்சர்வேட்டிவ் கட்சி ஒரு வித்தியாசமான ஜோடியை இறக்கியது: பிரபு குடும்பத்துப் பையன் சர்ச்சிலும், நூற்பாளர் சங்கத் தலைவர்களில் ஒருவரான ஜேம்ஸ் மாட்ஸ்லியும். தொழிலாளர் ஓட்டு மாட்ஸ்லியோடு வரும் என்று கணக்கு. வரவில்லை. அரசாங்கம் அப்போது ஆங்கிலத் திருச்சபைப் பாதிரிமாருக்கு வரிச்சலுகை தரும் மசோதா கொண்டுவந்திருந்தது. அந்தத் திருச்சபையில் சேராத கிறிஸ்தவர்கள் நிறைந்த ஊரில் அது எரிச்சலைக் கிளப்பியது. பிரச்சாரத்தின் நடுவே சர்ச்சில் மசோதாவைக் கைகழுவினார். அதனால் மசோதாவை எதிர்த்தவர்கள் ஓட்டும் வரவில்லை, சொந்தக் கட்சிக்காரர் மனமும் கசந்தது.

அடுத்த வருடத்துக்குள் தென்னாப்பிரிக்கப் போர்முனையில் பிடிபட்டுத் தப்பி வந்ததில் பேரும் புகழும் கிடைத்திருந்தது. 1900 அக்டோபர் 1 அன்று ஓல்டாமில் வாக்குப்பதிவு. அந்தக் காலத்தில் எல்லா ஊருக்கும் ஒரே நாள் கிடையாது, வாரக்கணக்கில் நடக்கும். ஓல்டாம் சீக்கிரமே முடிந்துவிட்டதால், ஜெயித்த கையோடு மற்ற ஊர்களுக்குப் பேசப் போனார். ஒரே நாள் வாக்குப்பதிவு 1918-இல்தான் வந்தது.

1903-இல் ஜோசஃப் சேம்பர்லின் இறக்குமதிக்கு வரி போட வேண்டும் என்று கிளம்பினார், கன்சர்வேட்டிவ் கட்சி அந்தப் பக்கம் சாய்ந்தது. ஓல்டாமின் நிலைமை என்ன? பஞ்சு முழுதும் கடல் தாண்டி வர வேண்டும், நூலும் துணியும் கடல் தாண்டிப் போக வேண்டும். வரி வந்தால் ரொட்டி விலை ஏறும், கூலி கேட்பார்கள், விற்பனை விலை ஏறும், சந்தை போகும். சர்ச்சில் தடையற்ற வர்த்தகத்தின் பக்கம் நின்றார். உள்ளூர்க் கட்சிக் கிளை அவரைக் கைவிட்டது. 1904 மே 31 அன்று சபையில் எழுந்து லிபரல் பக்கம் போய் உட்கார்ந்தார். எம்.பி. பதவி போகவில்லை, 1906 வரை ஓல்டாம் எம்.பி.யாகவே தொடர்ந்தார். பிறகு வடமேற்கு மான்செஸ்டரில் நின்றார். நம் நாட்டில் 1985-க்குப் பிறகு இப்படிச் செய்தால் கட்சித்தாவல் சட்டப்படி பதவி காலி. அங்கே இன்றும் அப்படியொரு சட்டம் கிடையாது.

ஓல்டாம் எம்.பி.க்களால் நம் நெசவாளருக்குக் கெடுதலா?
— கூறைநாடு, மயிலாடுதுறை

ஆம் என்று ஒரே வார்த்தையில் முடிக்க ஆசைதான், ஆனால் கணக்கு கொஞ்சம் சிக்கல்.

1894 கடைசியில் இந்திய அரசு வருமானம் போதாமல் இறக்குமதித் துணிக்கும் நூலுக்கும் 5% வரி போட்டது. லங்காஷயர் கொதித்தது. 1895 தேர்தலில் அந்த வட்டாரத்தில் இது மேடைப்பேச்சு ஆயிற்று. ஓல்டாம் அந்தத் தேர்தலில் இரண்டு இடத்தையும் கன்சர்வேட்டிவ்களுக்குக் கொடுத்தது. 1896-இல் வரி மாறியது. துணிக்கு 3½% ஆகக் குறைத்து, ‘போட்டி சமமாக இருக்க வேண்டும்’ என்று இந்திய மில் துணி மீதும் அதே 3½% உள்நாட்டு வரி போட்டார்கள். நூலுக்கு வரியே இல்லை.

இப்போது யாருக்கு என்ன என்று பாருங்கள். பம்பாய் மில்லுக்கு அடி. கைத்தறித் துணிக்கு அந்த உள்நாட்டு வரி கிடையாது, நூலும் வரியில்லாமல் வந்தது. ஆகவே குறிப்பாக அந்தச் சட்டம் தறிக்காரரை நேராகத் தாக்கவில்லை. தறிக்காரரைத் தாக்கியது அதற்கு முன்பிருந்தே வந்து குவிந்த மலிவு மில் துணி. ஓல்டாம் நெய்ததைவிட நூற்றதுதான் அதிகம். அமெரிக்கப் பஞ்சில் மோட்டா, நடுத்தர நம்பர் நூல் ஓல்டாமின் சரக்கு. சன்ன நம்பருக்கு எகிப்துப் பஞ்சு, அது போல்டன் ஊரின் பங்கு. உள்நாட்டு வரியை 1925 டிசம்பரில் நிறுத்தி, மறுவருடம் ஒழித்தார்கள். அதற்குள் இறக்குமதி வரி 11% ஆகியிருந்தது. 1931-இல் 25%. ஓல்டாம் ஆலைகள் மூட ஆரம்பித்த காலமும் அதுதான்.

1861-இல் அமெரிக்க உள்நாட்டுப் போரால் பஞ்சு நின்றபோது ஓல்டாம் இந்தியப் பஞ்சில் ஓட்டிப் பார்த்தது. இழை குட்டை, தூசி அதிகம், கதிரில் நிமிஷத்துக்கு நிமிஷம் நூல் அறும். நூற்ற அளவுக்குத்தான் கூலி என்பதால் அறுந்த ஒவ்வொரு இழையும் தொழிலாளி வயிற்றில் விழுந்தது. சம்பா அறுத்த வயலில் கோடைப் பருத்தி போடும் திருவாரூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு, இழை நீளம் ஏன் விலையைத் தீர்மானிக்கிறது என்று விளக்க வேண்டாம்.

எம்.பி. ராஜினாமா செய்ய முடியாது என்று படித்தேன். உண்மையா?
— பட்டுக்கோட்டை வாசகர்

உண்மை. 1624-இல் நிறைவேறிய தீர்மானப்படி பிரிட்டிஷ் எம்.பி. தானாக விலக முடியாது. ஆனால் அரசரிடம் சம்பளப் பதவி ஏற்றால் இடம் போய்விடும். ஆகவே விலக விரும்புகிறவரை ‘சில்டர்ன் ஹண்ட்ரட்ஸ்’ அல்லது ‘நார்த்ஸ்டெட் மேனர்’ என்ற பெயரளவுப் பதவியில் நியமிப்பார்கள். வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை. நம் எம்.பி. சபாநாயகருக்குக் கையெழுத்துப் போட்ட கடிதம் கொடுத்தால் போதும், அவர் ஏற்றுக்கொண்டால் முடிந்தது.

என் மகன் ஓல்டாமில் நர்ஸாக இருக்கிறான், இந்தியப் பாஸ்போர்ட்தான். அங்கே ஓட்டுப் போடலாமாம். வம்பில் மாட்டிக்கொள்வானா?
— முத்துப்பேட்டை, ஒரு தாயார்

பயப்படாதீர்கள் அம்மா. காமன்வெல்த் நாட்டுக் குடிமகன், செல்லுபடியாகும் விசாவோடு அங்கே குடியிருந்து 18 வயது ஆகியிருந்தால், நாடாளுமன்றத் தேர்தலிலேயே ஓட்டு உண்டு. அரசு இணையதளத்தில் பெயர் பதிய வேண்டும். நேஷனல் இன்சூரன்ஸ் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டால் ஐந்து நிமிஷ வேலை. வாக்குப்பதிவுக்கு 12 வேலைநாள் முன்னால் கடைசி நாள். பலர் தவறவிடுவது இதைத்தான். வீடு மாறினால் மறுபடி பதிய வேண்டும். வாக்குச்சாவடிக்குப் படத்தோடு அடையாள அட்டை கட்டாயம், இந்தியப் பாஸ்போர்ட் செல்லும். காலை 7 முதல் இரவு 10 வரை. எந்தத் தொகுதி என்பது அவர் வீட்டின் அஞ்சல் குறியீட்டைப் பொறுத்தது. ஓல்டாம் முகவரி என்பதால் ஓல்டாம் பெயருள்ள தொகுதியாகத்தான் இருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

இங்கே ஓட்டு வேண்டுமானால் படிவம் 6ஏ. பாஸ்போர்ட்டில் உள்ள இந்திய முகவரித் தொகுதியில் பெயர் சேரும். ஆனால் வாக்குப்பதிவு நாளில் அசல் பாஸ்போர்ட்டோடு நேரில் வந்தாக வேண்டும்.

பழைய தொகுதி ஒன்றின் வரலாற்றை நாங்களே எழுத நினைத்தால் எங்கே தொடங்குவது?
— பேராவூரணி வாசகர் வட்டம்

எம்.பி. பட்டியலில் தொடங்காதீர்கள். எல்லோரும் அங்கேதான் தொடங்கி அங்கேயே முடிக்கிறார்கள். ஒரு தாளில் நான்கு பத்தி போடுங்கள்: தேர்தல் வருடம், எல்லை, யாருக்கு ஓட்டு, ஆளுக்கு எத்தனை ஓட்டு. ஓல்டாமுக்கு எல்லைப் பத்தியில் 1832-க்குப் பிறகு 1918 பெரிய கோடு. ஓட்டுரிமைப் பத்தியில் 1832, 1867 (நகரத்து ஆண் குடும்பத் தலைவர்கள்), 1918 (21 வயது ஆண்கள் எல்லோரும், தகுதியுள்ள 30 வயதுப் பெண்கள்), 1928 (பெண்களுக்கும் 21). கடைசிப் பத்தியில் பொதுத்தேர்தலுக்கு 2, ஒற்றை இடைத்தேர்தலுக்கு 1. இதை முடித்த பிறகுதான் பெயரும் ஓட்டும் எழுத வேண்டும்.

தவறு வரும் இடங்கள் தெரிந்தவைதான். 1926 வரை எம்.பி. ஒருவர் மந்திரியானால் பல சமயம் மறுபடி தேர்தலில் நிற்க வேண்டியிருந்தது. அந்த இடைத்தேர்தலை மரணத்தாலோ ராஜினாமாவாலோ வந்தது என்று எழுதிவிடுவார்கள். கட்சிப் பெயர்களும் குழப்பும். கன்சர்வேட்டிவ்கள் ‘யூனியனிஸ்ட்’ என்று எழுதப்பட்ட காலம் உண்டு, 1931-இல் ‘தேசிய’ என்ற அடைமொழி ஒட்டிக்கொள்ளும். எம்.பி. சபையில் பேசினாரா என்று பார்க்க ஹான்சார்ட் என்ற நாடாளுமன்ற நடவடிக்கைக் குறிப்பு 1803 முதல் இணையத்தில் இலவசம்.

நம் பக்கத்துத் தொகுதிக்கு வேலை இன்னும் சுலபம். 1951–52 முதல் ஒவ்வொரு தேர்தலின் புள்ளிவிவர அறிக்கையும் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் கிடைக்கிறது. கூடவே 1976, 2008 எல்லை மறுசீரமைப்பு ஆணைகளை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தெந்த தாலுகா, கிராமம் எந்தத் தொகுதி என்று 2008 ஆணையில் பெயர் வாரியாக இருக்கும். 2009 மக்களவைத் தேர்தலும் 2011 சட்டமன்றத் தேர்தலும்தான் அந்தப் புதிய எல்லையில் முதலில் நடந்தவை. 2004, 2006 முடிவுகள் பழைய எல்லைக்கு உரியவை, அவற்றைத் தனி அட்டவணையில் வையுங்கள். மாயூரம், மயிலாடுதுறை இரண்டும் ஒரே ஊர் என்று தெரியாமல் இரண்டு தொகுதியாக எழுதிய கட்டுரைகள் உண்டு. ஊர்ப் பெயர் மாற்றத்தை முதல் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள்.